பள்ளத்தூர் பாப்பா ‘ஆச்சி’ ஆனது எப்படி?

மனோரமாவின் பிறந்த நாளான மே 26 வந்தாலும், மறைந்த நாளான அக்டோபர் 10 வந்தாலும் அவரைப் பற்றிய தகவல்கள் கைபேசிக்குக் கைபேசி தாவும். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர், செட்டிநாடு தந்த ஆச்சி, தேசிய விருது பெற்ற துணை நடிகை என்றெல்லாம் வரும். கூடவே கேள்விகளும் வரும். மன்னார்குடியில் பிறந்தவர் எப்படிச் செட்டிநாட்டு ஆச்சி ஆனார்? ஆச்சி என்றால் பாட்டிதானே, இளம் வயதிலேயே அந்தப் பெயர் ஏன்? துணை நடிகை என்றால் கூட்டத்தில் நிற்பவர் இல்லையா? அண்ணா எந்தப் படத்தில் நடித்தார்?

எல்லாமே நியாயமான கேள்விகள். தனித்தனியாகப் பார்த்தால் துணுக்குச் செய்திகளாகத்தான் தெரியும். பள்ளத்தூர் என்ற ஊரையும், அந்தப் பக்கத்து நாடக மேடையையும் நடுவில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

## முதலில் மூன்று சொற்கள்

குழப்பத்தில் பாதி சொற்களால் வருவது. பத்திரிகை ஒரு பொருளில் சொல்கிறது, படப்பிடிப்புத் தளம் இன்னொரு பொருளில் சொல்கிறது.

1. துணை நடிகர்: கோடம்பாக்கத்தில் இந்தச் சொல் கல்யாணக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர், கோர்ட்டில் பின்வரிசையில் இருப்பவர், சந்தையில் நடந்து போகிறவர் ஆகியோரைக் குறிக்கும். அன்றன்றைக்குக் கூலி. முன்பு ‘எக்ஸ்ட்ரா’ என்றே சொல்லிவந்தார்கள். ஆனால் விருதுப் பட்டியலில் ‘சிறந்த துணை நடிகை’ என்றால் நாயகிக்கு அடுத்த முக்கிய வேடத்தில் நடித்தவர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. மனோரமாவுக்குக் கிடைத்த விருது இரண்டாவது பொருளில்.

2. நகைச்சுவை நடிகர்: வேலை என்ன என்பதை வைத்து வந்த பெயர். சிரிக்க வைக்க வேண்டும். சில படங்களில் கதைக்கும் இவருக்கும் ஒட்டே இருக்காது, தனி டிராக் ஓடும்.

3. குணச்சித்திர நடிகர்: மாமனார், கணக்குப்பிள்ளை, வேலைக்காரம்மா, பஞ்சாயத்துத் தலைவர் என்று ஒரு குறிப்பிட்ட ஆளை நம் கண்முன் நிறுத்துகிறவர். சிரிக்க வைப்பதும் அழ வைப்பதும் அதன் பிறகுதான். இன்ன ஊர், இன்ன வயது, இன்ன தொழில் என்பது வாயைத் திறந்ததும் நமக்குத் தெரிந்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் நம் விஷயம். நாயகனுக்கு முகம் மாறக் கூடாது, ரசிகர்கள் அந்த முகத்துக்காகத்தான் வருகிறார்கள். குணச்சித்திர நடிகருக்கு எல்லாமே மாற வேண்டும். மாறிய பிறகும் ‘இவுகதானே அவுக’ என்று திரையரங்கில் ஒரு குரல் எழ வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது லேசான காரியம் கிடையாது.

## ஆச்சி: எந்த ஊர் ஆச்சி?

இன்றைய பிள்ளைகளிடம் ஆச்சி என்றால் மசாலாப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். அது போகட்டும். தமிழ் வழங்கும் நிலம் முழுக்க இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பல குடும்பங்களில் ஆச்சி என்றால் பாட்டி. யாழ்ப்பாணத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

செட்டிநாட்டில் கதை வேறு. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் அப்பா ‘அப்பச்சி’, அம்மா ‘ஆத்தா’, அம்மாவைப் பெற்றவர் ‘ஆயா’, அப்பாவைப் பெற்றவர் ‘அப்பத்தா’, தாத்தா ‘ஐயா’. பாட்டிக்கு இரண்டு சொற்கள் இருக்கும்போது ஆச்சிக்கு அந்த வேலை மிச்சமில்லை. அங்கே ஆச்சி என்பது அக்காள். அதிலிருந்து விரிந்து, மரியாதைக்குரிய எந்தப் பெண்ணையும் அழைக்கும் சொல்லாகவும் ஆனது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணும் கடைக்காரருக்கு ஆச்சிதான்.

மனோரமா வானொலி நாடகம் ஒன்றில் செட்டிநாட்டுப் பேச்சுப் பேசி நடித்தபோது அங்கிருந்தவர்கள் ஆச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது என்பது அவர் சொல்லிவந்த கதை. அப்போது அவருக்கு வந்தது செட்டிநாட்டுப் பொருளில் ஆச்சி. வயதைச் சுட்டாத மரியாதைப் பெயர். பிறகு ஆண்டுகள் ஓடி, அவர் பாட்டி வேடங்களில் நடிக்கத் தொடங்கியதும் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் பொருளில் எடுத்துக்கொண்டார்கள். ஒரே பெயர் இரண்டு வட்டாரங்களில் இரண்டு பொருளில் பொருந்திப் போனது. கேள்வி எழுந்ததே அதனால்தான்.

பெயர் வந்த விதத்தைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும். அவர் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை. அந்த வீடுகளில் வேலை செய்தவரின் மகள். அந்தப் பேச்சைக் காதால் கேட்டுக் கற்றவர்.

## பள்ளத்தூர் வீட்டுப் பின்கட்டு

இயற்பெயர் கோபிசாந்தா. பிறப்பு 1937, மன்னார்குடி. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதும் அம்மா ராமாமிர்தம் குழந்தையோடு கிளம்பி வந்து சேர்ந்த இடம் பள்ளத்தூர். காரைக்குடியிலிருந்து கோட்டையூர் தாண்டினால் வரும் நகரத்தார் ஊர். அம்மா வீட்டு வேலை செய்தார், பலகாரம் சுட்டு விற்றார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மகளின் படிப்பு நின்றது. சிறுமியே வீட்டு வேலைக்குப் போனார்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். தெருவில் முகப்பு, உள்ளே போனால் வளவு என்கிற முற்றம், அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. சில வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் வரவு செலவுப் பேச்சு. வளவில் கல்யாணப் பேச்சு, சீர் கணக்கு. பின்கட்டில் சமையல்காரர், வேலைக்காரர், பால்காரர், அவரவர் ஊர்ப் பேச்சு. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு அங்கே கொண்டுவிற்ற, அதாவது வட்டித்தொழில் செய்த, பணம் நின்றுபோய், பல வீடுகளில் கௌரவம் மட்டும் குறையாமல் இருந்த காலம் அது. பின்கட்டில் நிற்கிற ஒரு சிறுமிக்கு இந்த மூன்று கட்டுப் பேச்சும் காதில் விழும். யாரிடம் யார் எந்தக் குரலில் பேசுகிறார்கள், குரல் எங்கே தாழ்கிறது, எங்கே ஏறுகிறது என்பதெல்லாம் வேலை செய்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தால்தான் அங்கே பிழைக்க முடியும்.

ஊருக்கு வந்த ஒரு நாடகக் குழுவில் நடிக்க வேண்டிய ஆள் சரிவராமல் போக, நன்றாகப் பாடக்கூடிய அந்தப் பெண்ணை மேடையேற்றினார்கள். அப்போது பன்னிரண்டு வயது. மனோரமா என்ற பெயர் நாடகக்காரர்கள் வைத்தது. ஊர்ப் பெயரோ ‘பள்ளத்தூர் பாப்பா’.

அந்தப் பெயருக்கும் ஒரு மரபு இருக்கிறது. நாடக நோட்டீஸில் நடிகர் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் போட்டாக வேண்டும். திருவிழாக் கமிட்டிக்கு ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். பாப்பா என்பது வயது, பள்ளத்தூர் என்பது முகவரி. அந்த ஊரில் பிறக்காதவருக்கு ஊர்ப் பெயர் முன்னொட்டாகக் கிடைத்தது என்றால், மேடை அவரைத் தன் ஆளாகப் பதிவு செய்துவிட்டது என்று அர்த்தம்.

## எந்த நாடகம்? மூன்று வகை மேடை

‘நாடகத்திலிருந்து வந்தவர்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது எந்த நாடகம் என்று கேட்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழ் மேடை மூன்று வழியில் ஓடியது.

1. கம்பெனி நாடகம். பையன்களைச் சேர்த்து, சோறு போட்டு, வாத்தியார் வைத்துப் பாடமும் பாட்டும் கற்றுக்கொடுத்து, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்துவது. ‘பாய்ஸ் கம்பெனி’ என்ற பெயர் வந்தது இதனால். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் வளர்ந்தவர் எம்.என். நம்பியார்.

2. ஸ்பெஷல் நாடகம். கம்பெனி என்று எதுவும் இல்லை. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி ஓர் ஊர், பபூன் என்கிற கோமாளி வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் முகமே பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது.

3. சமூக நாடகக் குழுக்கள். திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் அரசியல் வசனத்தோடு மேடையேறியவை. எம்.ஆர். ராதா, எஸ்.எஸ். ராஜேந்திரன் போன்றவர்கள் குழு நடத்தினார்கள். அண்ணாவும் கருணாநிதியும் நாடகம் எழுதியதோடு நிற்காமல் தாங்களே வேடமும் கட்டினார்கள்.

செட்டிநாடு, புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்தின் சொந்தச் சரக்கு இரண்டாவது வகை. இன்றும் பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ வைக்காத கிராமம் குறைவு. இரவு பத்து மணிவாக்கில் தொடங்கினால் விடியும்வரை போகும். ஆர்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு. முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார், அப்புறம் டான்ஸ் வரும், அப்புறம்தான் கதை.

ஒத்திகை இல்லாமல் எப்படி நடக்கிறது? பாட்டுகள் எல்லோருக்கும் ஒன்றே. பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதை. கதையும் எல்லோருக்கும் தெரியும். நடுவில் பேசுகிற வசனம்தான் அவரவர் சாமர்த்தியம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே பத்து மைல் நடந்து வந்தவர்கள் உண்டு. நாரதர் ஒரு கேள்வி போடுவார், வள்ளி அந்த இடத்திலேயே மடக்க வேண்டும். யோசிக்க நேரம் எடுத்தால் கூட்டம் விசில் அடித்துவிடும். முன்வரிசையில் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்த்து, அவர்கள் பேச்சில் ஒரு சொல்லை எடுத்துப் போட்டால் கைதட்டல்.

சினிமாவில் ‘டைமிங்’ என்று மெச்சுகிற விஷயத்துக்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளத்தூர்ச் சிறுமி கேட்டு வளர்ந்த மேடை இது.

## பெண்ணுக்குக் கம்பெனி வாசல் இல்லை

ஆண் குணச்சித்திர நடிகர்களில் பெரும்பாலோர் பாய்ஸ் கம்பெனி வழியாக வந்தவர்கள். அது எப்படி அவர்களை உருவாக்கியது என்பதற்குப் பின்னால் கொஞ்சம் கொடுமையான ஒரு காரணம் இருக்கிறது. சிறுவனாக இருக்கும்வரை குரல் இனிமையாக இருக்கும், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கிடைக்கும். பருவம் வந்து குரல் உடையும். மகரக்கட்டு என்று அதற்குப் பெயர். உடைந்த குரல் பாட்டுக்கு ஆகாது. அப்படிப்பட்ட பையனுக்குக் கம்பெனியில் மிச்சமிருப்பது கிழவன், மந்திரி, வில்லன், காமிக். பதினாறு வயதில் கிழவனாக நடிக்கத் தெரிந்தவன் பிறகு எந்த வயதிலும் எந்த வயதாகவும் நடிப்பான்.

பெண்களுக்கு இந்த வழி அடைப்பு. பாய்ஸ் கம்பெனியில் பெண் வேடத்தைப் பையன்களே கட்டினார்கள். நாடகத்துக்கு வர நினைத்த பெண்ணுக்குத் திறந்திருந்தது பெரும்பாலும் ஸ்பெஷல் மேடை. கே.பி. சுந்தராம்பாள் புகழ் பெற்றதும் அதில்தான். பிறகு சமூக நாடகக் குழுக்கள் வந்தன. வருமானம் இருந்தது, பெயர் இருந்தது, மரியாதை மட்டும் பகலில் பாதியாகிவிடும். ராத்திரி வள்ளியைக் கையெடுத்துக் கும்பிட்ட ஊர், காலையில் அதே பெண்ணைக் கூத்தாடி என்று சொல்லும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளும் இதற்கு விலக்கு இல்லை. நாடகத்துக்குப் பணம் கொடுத்த கையேதான் நாடகக்காரர்களை முகப்போடு நிறுத்தியது.

இதன் விளைவு எளிய கணக்கு. கிழவன், மாமனார், வில்லன் வேடங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆண்கள் டஜன் கணக்கில் சினிமாவுக்கு வந்தார்கள். அதே தரத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் கைவிட்டு எண்ணும் அளவில்தான். ஒரு மனோரமா அத்தனை படங்களில் இருந்ததற்குத் திறமை ஒரு காரணம் என்றால், அந்த இடத்துக்குப் போட்டி குறைவு என்பதும் காரணம்தான்.

வைரம் நாடக சபாவில் சின்னச் சின்ன வேடங்களில் ஆரம்பித்து, பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் குழுவுக்கு வந்தார். கருணாநிதியின் ‘மணிமகுடம்’ நாடகம் அவரைச் சென்னை ரசிகர்களிடம் கொண்டுபோனது. அதாவது இரண்டாம் வகை மேடையின் காற்றில் வளர்ந்து, மூன்றாம் வகை மேடையில் பெயர் வாங்கியவர்.

## காரைக்குடி ஸ்டுடியோவும் இளம் வயதுக் கிழவரும்

சினிமாவும் ஒரு கட்டத்தில் இதே மண்ணுக்கு வந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பின் காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் இடம் எடுத்து ஸ்டுடியோ போட்டார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. ப. நீலகண்டனின் நாடகத்தைப் படமாக்கியது அது. பாரதியார் பாட்டுகளுக்காக இன்றும் பேசப்படுகிறது. பிறகு 1948வாக்கில் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ரஸ்தா ரயில் நிலையத்துப் பக்கம் இன்று போகிறவர்களுக்கு அங்கே படம் எடுத்தார்கள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

‘நாம் இருவர்’ படத்தில் வயோதிகராக வந்தவர் விருதுநகர்க்காரரான வி.கே. ராமசாமி. பிறந்தது 1926. கணக்குப் போட்டுப் பாருங்கள், வயது இருபது, இருபத்தொன்றுதான். அதுவே அவருக்கு முதல் படம். மேக்கப்பில் தலையை நரைக்க வைக்கலாம். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதையும், ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவதையும் மேக்கப்மேன் தர முடியாது. அது நாடகக் கம்பெனி தந்தது.

அதோடு அவருக்குத் திரையில் இளமை போய்விட்டது. 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’ படத்தில் சிவாஜிக்கு மாமனார். நிஜத்தில் இருவருக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். 1986இல் ‘மௌன ராகம்’ படத்தில் மோகனின் மேலதிகாரியாக வந்தபோதும் ஆள் அப்படியே இருந்தார். நாற்பது வருடம் அவருக்கு வயதே ஏறவில்லை என்று ரசிகர்கள் கேலி செய்வார்கள். ஏற வேண்டியதை முதல் படத்திலேயே ஏற்றிக்கொண்டுவிட்டார்.

## கண்ணதாசன் போட்ட கணக்கு

மனோரமாவைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தவரும் செட்டிநாட்டுக்காரர். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1958இல் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் அவருக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தார். நாடகத்தில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்தவருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. கதாநாயகி என்றால் சில வருடங்களில் அனுப்பிவிடுவார்கள், இந்த மாதிரி வேடம் என்றால் கடைசிவரை இருக்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதாக மனோரமாவே பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அது ஆறுதல் வார்த்தை கிடையாது, தொழில் கணக்கு. எப்படி என்று பார்க்கலாம்.

1. கதாநாயகி ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் கால்ஷீட் தர வேண்டும். குணச்சித்திர நடிகைக்குச் சில நாட்கள் போதும். மிச்ச நாட்கள் அடுத்த படத்துக்கு.

2. நாயகிக்குச் சம்பளம் அதிகம், ஆனால் ஒரு படம் விழுந்தால் அடுத்த படத்தில் சம்பளமும் விழும். மாமியார் வேடம் போட்டவரை வைத்து யாரும் படத்தின் வெற்றி தோல்வியைக் கணக்கிடுவதில்லை.

3. வயது நாயகிக்குப் பகை. குணச்சித்திர நடிகைக்கு வயது ஏற ஏற வேடம் கூடும். தோழி, அக்கா, அத்தை, அம்மா, பாட்டி என்று ஏணி மேலே போய்க்கொண்டே இருக்கும்.

1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவே நடித்துப் பார்த்தார். அந்தப் பாதை அதற்கு மேல் நீளவில்லை. நல்லதாகப் போயிற்று என்றே சொல்ல வேண்டும்.

ஆயிரம் படம் என்ற எண்ணைப் பலர் நம்ப மறுப்பதுண்டு. 1985 வாக்கில் ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸில் இடம்பெற்றார். 1958இலிருந்து எண்ணினால் 27 வருடம். ஆயிரத்தை 27ஆல் வகுத்தால் வருடத்துக்கு 37, மாதத்துக்கு மூன்று. ஒரு படத்துக்குச் சில நாட்கள், தமிழோடு தெலுங்கு, மலையாளம், இந்தி என்று பல மொழிகள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் நடக்காத காரியம் இல்லை. காலையில் ஒரு தளம், மதியம் இன்னொரு தளம். ஒத்திகைக்கு நேரமில்லாமல், உடன் நடிப்பவரை அப்போதுதான் பார்த்து, உடனே பேச வேண்டும். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? ஸ்பெஷல் நாடகத்தின் நிபந்தனைகள் அப்படியே ஸ்டுடியோவுக்குள் வந்து நிற்கின்றன.

## காதுதான் மூலதனம்

மனோரமாவின் நடிப்பில் முகத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது காது. செட்டிநாட்டு ‘வந்தாக, போனாக, சொன்னாக’ ஒரு பக்கம், மெட்ராஸ் பாஷை ஒரு பக்கம், கொங்குத் தமிழ் இன்னொரு பக்கம். தமிழ்த் திரையில் இத்தனை வட்டாரப் பேச்சை ஒரே தொண்டையில் வைத்திருந்த பெண் வேறு யாரும் உடனே நினைவுக்கு வரவில்லை.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்து ஜில் ஜில் ரமாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி. நாகராஜன் இயக்கிய படம். ரமாமணி நாடகக் கம்பெனிப் பெண். நாடகக்காரியாக வாழ்ந்தவர் நாடகக்காரி வேடம் போடுகிறார். எதிரே இருப்பவர் சிவாஜி. அவருடைய நாயனத்தில் சொக்கிப்போய் நிற்கிற அந்தப் பெண்ணைக் கேலிப் பொருளாக்கிச் சிரிப்பு வாங்கியிருக்கலாம், எளிய வழி அது. மனோரமா அப்படிச் செய்யவில்லை. ரமாமணிக்குத் தன் தொழிலில் பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாக இருப்பதால் நாம் சிரிக்கிறோம், கூடவே அவர் மேல் மரியாதையும் வருகிறது. பகலில் பாதியாகிப் போகிற அந்த மரியாதையை முழுசாகத் திருப்பி வாங்கிக்கொண்ட வேடம் என்று எனக்குத் தோன்றும்.

‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) இன்னொன்று. ஏவி.எம். தயாரிப்பு, விசு இயக்கம். வேலைக்காரி கண்ணம்மா. சண்டைக் காட்சியில் தன்னையே அதட்டிக்கொள்கிற ‘கண்ணம்மா, கம்முனு கெட’ இன்றும் வீடுகளில் புழங்குகிறது. அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவர், ஆனால் வீட்டின் நல்லது கெட்டது முழுவதும் தெரிந்தவர். எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று அறிந்தவர். பின்கட்டில் நின்று பழகிய ஒருவரால்தான் இதை அந்த அளவுக்குச் செய்ய முடியும். கோடம்பாக்கத்தில் எடுத்த மெட்ராஸ் குடும்பக் கதைதான், கண்ணம்மாவின் கால் மட்டும் பள்ளத்தூரில் ஊன்றியிருக்கிறது.

பிறகு ‘நடிகன்’ (1990), ‘சின்ன கவுண்டர்’ (1992), அதே வருடம் ‘அண்ணாமலை’யில் ரஜினிக்கு அம்மா. இருவருக்கும் நிஜத்தில் 13 வயது வித்தியாசம். யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

## விருது ஏன் தாமதமானது?

ஜில் ஜில் ரமாமணிக்குத் தேசிய விருது ஏன் தரவில்லை என்று கோபப்படுகிறவர்கள் ஒரு விவரத்தைக் கவனிப்பதில்லை. 1968இல் அந்தப் பிரிவே கிடையாது. தேசிய விருதில் சிறந்த துணை நடிகர், நடிகை என்ற பிரிவுகள் 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. அதற்கு முன்னால் பெரியவர்களின் நடிப்புக்கு இருந்தது முதன்மை நடிகர், நடிகைக்கான விருது மட்டும். 1972இல் மறைந்த டி.எஸ். பாலையா, 1979இல் மறைந்த எம்.ஆர். ராதா போன்றவர்களுக்கெல்லாம் போட்டியிட ஒரு பந்தயமே இல்லாமல் போயிற்று.

மனோரமா அந்தப் பிரிவு வந்த பிறகும் நடித்துக்கொண்டிருந்ததால் 1989க்கான விருது, பார்த்திபன் இயக்கிய ‘புதிய பாதை’க்காகக் கிடைத்தது. முதல் படம் வந்து 31 வருடம் கழித்து. பத்மஸ்ரீ 2002இல் வந்தது.

## ஐந்து முதலமைச்சர்கள்

இது சுருக்கமான விஷயம். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் மூவரும் திரையில். அண்ணாவும் கருணாநிதியும் நாடக மேடையில். ‘ஐந்து முதலமைச்சர்களுடன் படங்களில் நடித்தவர்’ என்று எழுதினால் பிழை. ‘ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர்’ என்றால் சரி. அவர்கள் யாரும் அப்போது முதலமைச்சர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

## அந்த மேடை இன்று

2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் மனோரமா மறைந்தபோது வயது 78. அவர் வந்த வழி இன்று இருக்கிறதா என்று கேட்டால் பாதி இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிகள் போய்விட்டன. சமூக நாடகக் குழுக்களின் இடத்தைத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டன. ஸ்பெஷல் நாடகம் மட்டும் காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. திருவிழாக் காலத்தில் சுவர்களைப் பார்த்தால் நோட்டீஸ் தெரியும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர். பபூனின் ஜோக்குகளில் தொலைக்காட்சி வாடை ஏறிவிட்டது, டான்ஸுக்குச் சினிமாப் பாட்டு. நள்ளிரவுக்கு மேல் வள்ளியும் நாரதரும் தர்க்கத்துக்கு நிற்கும்போது மட்டும், அன்று சாயங்காலம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இரண்டு பேர், ஒத்திகை இல்லாமல், முன்வரிசைக்காரர்கள் பேச்சிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருப்பார்கள்.